நம் சந்தாவில் யாரோ பார்க்கிறார்கள்

ஜூன் 3, செவ்வாய்

காலை பதினொன்றரைக்கு ஒருவர் வந்தார். பெயர் அருள்ராஜ். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. வாங்கிப் பார்த்தேன். படமும் ஆளும் ஒத்துப்போயின. இருந்தாலும் அட்டையில் இருந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னது இது. டிவிக்கு விலை கிடையாது. மாதச் சந்தா கட்டினால் பெரிய டிவியாகக் கொண்டுவந்து சுவரில் மாட்டிவிட்டுப் போவார்கள். கேபிள் வேண்டாம், மொட்டை மாடியில் டிஷ் குடை வேண்டாம், டிவிக்குப் பக்கத்தில் பெட்டி வேண்டாம். காசு கட்டிப் பார்க்கிற சேனல்கள், படம் பார்க்கிற ஆப்புகள் எல்லாம் டிவிக்கு உள்ளேயே இருக்கும். சந்தாவை நிறுத்தினால் டிவியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். முப்பது நாளைக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம், ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள்.

அந்தக் கடைசி வரிதான் எனக்கு இடித்தது. நான் ரயிலில் முப்பத்து நாலு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். கேள்வி கேட்காமல் எவனாவது எதையாவது திருப்பி வாங்கிக்கொள்வானா? விதிமுறைகளைக் கேட்டேன். பதினொரு பக்கம், எறும்பு எழுத்து.

"சார், இதை யாருமே படிக்கறதில்லைங்க சார்."

"அதனாலதான் நான் படிக்கறேன். வெச்சுட்டுப் போங்க."

சுலோசனா மோர் கொண்டுவந்தாள். இருபது வருடமாகக் கேபிளில் சீரியல் பார்த்துக்கொண்டு ஒரு குறையும் சொல்லாதவள். இன்றைக்கு வந்து நின்று, "ஏனுங் தம்பி, இதை இன்னொரு எடத்துலயும் பாக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு சந்தாவுக்கு ரெண்டு எடமுங்க அம்மா. அங்க இருக்கற டிவியில எங்க ஆப்பைப் போட்டாப் போதும்."

சமையலறையில் ஒன்று மாட்டலாம் என்று யோசிக்கிறாள் போலிருக்கிறது. அதெல்லாம் நடக்காது.

ஜூன் 5, வியாழன்

மாட்டிவிட்டார்கள். நான் சரி என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. பதினொரு பக்கத்தில் ஏழாவது பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தபோதே சுலோசனா போன் பண்ணி வரச் சொல்லிவிட்டாள். கேட்டால், "முப்பது நாள் பாத்துப்போட்டு வேண்டாமுன்னா அனுப்பீரலாமுங்க, எதுக்கு இத்தனை ரோசனை?" என்கிறாள். இணைப்பு என் பெயரில். ஜூலை நாலாம் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

ரிமோட்டில் மைக் இருக்கிறது. பேசினால் அதுவே சேனல் மாற்றுமாம். பேசாதபோது அது என்ன செய்கிறது என்று கேட்டேன். அருள்ராஜ் சிரித்தார். அவர் போனதும் முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்து மைக்கின் மேல் ஒட்டினேன்.

டிவியைப் போட்டால் "யார் பார்ப்பது?" என்று கேட்கிறது. என்னையே என் வீட்டில் கேட்கிறது. கீழே மூன்று வட்டம். அப்பா, அம்மா, குட்டி. முதல் இரண்டும் சுலோசனா எழுதச் சொன்னதாம். குட்டி யார் என்றால், "அது கம்பெனிக்காரன் போட்டது, எல்லாரு ஊட்டுக்கும் ஒண்ணு வருமாட்ட இருக்குது" என்றாள்.

ஜூன் 6, வெள்ளி

படம் தெளிவாக இருக்கிறது. எந்தக் கோளாறும் இல்லை. அதுதான் சந்தேகமாக இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

நல்லது கெட்டதை யோசித்துப் பார்த்தேன். கேபிளில் மழை பெய்தால் படம் போகும். இதில் நெட் போனால் படம் போகிறது, நேற்று மத்தியானம் இரண்டு மணி நேரம் போனது. கேபிள்காரனைத் தெருவில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்கலாம். இவர்களைக் கேட்க வேண்டுமென்றால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பெண் குரல் சுற்றலில் விடுகிறது. ஆனால் பழைய கிரிக்கெட் ஆட்டங்கள் முழுசாகக் கிடக்கின்றன. பாட்டை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தால் அதே வரியில் காத்திருக்கிறது. இதை மறுக்க முடியாது.

காலையில் முட்டி வலிக்கிறது என்று சுலோசனாவிடம் சொன்னேன். மத்தியானம் டிவியில் முட்டிவலித் தைலத்துக்கு விளம்பரம் வந்தது. பிளாஸ்திரி சரியாகத்தான் ஒட்டியிருக்கிறது. அப்படியென்றால் வேறு எங்கோ காது இருக்கிறது என்று சொன்னேன்.

"இந்த நேரத்துல டிவி பாக்கறவங்க எல்லாருக்கும் முட்டி வலிக்குமுங்க. அதுக்கு எதுக்குக் காது?"

இவள் எப்போதிருந்து கம்பெனியின் பக்கம் பேச ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

ஒன்று அகப்பட்டது.

சுலோசனா ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது அந்தக் குட்டி வட்டத்தை அழுத்திப் பார்த்தேன். "தொடர்ந்து பார்க்க" என்று ஒரு வரிசை. அதில் ஒரு யானைக்குட்டி பொம்மைப் படம். பதினாறு அத்தியாயம் பார்த்து முடித்து, பதினேழாவதில் பாதியில் நிற்கிறது.

இந்த வீட்டில் நான் யானைக்குட்டி பார்க்கவில்லை. சுலோசனா சீரியல் பார்ப்பவள். ஆக, நம் சந்தாவில் யாரோ பார்க்கிறார்கள். டிக்கெட் இல்லாமல் ஏறிய ஆள். அருள்ராஜ் நம் இணைப்பை இன்னொரு வீட்டுக்கும் விற்றிருக்க வேண்டும் என்பது என் முதல் சந்தேகம். அடையாள அட்டை எண் கையில் இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

பதினெட்டாவது அத்தியாயம் முடிந்திருக்கிறது. நேற்று மாலை நான் நடைக்குக் கிளம்பும்போது பதினேழு. திரும்பி வந்து பார்க்கும்போது பதினெட்டு. நான் போவது ஆறரைக்கு. ரயில்வே மைதானத்தை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வருவது ஏழே முக்காலுக்கு.

சுலோசனாவிடம் கேட்டேன். "அது தானா ஏதாச்சும் ஓடியிருக்குமுங்க" என்றாள்.

டிக்கெட் இல்லாதவர்கள் இரண்டு வகை. சிலர் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். சிலர் பையில் வெகுநேரம் தேடுவார்கள். சுலோசனா அஞ்சறைப் பெட்டியில் கடுகு தேடினாள். கடுகு அவள் இடது கையிலேயே இருந்தது. நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

சைக்கிள் கடை முத்துக்கருப்பன் கேட்டார், புது டிவி எப்படி என்று. இன்னும் பரிசோதனையில் இருக்கிறது என்றேன்.

ஜூன் 18, புதன்

இன்று இரண்டே சுற்றில் திரும்பிவிட்டேன். கேட்டைச் சத்தமில்லாமல் திறந்து, செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் நின்றேன். சொந்த வீட்டு ஜன்னலில் ஒளிந்து பார்ப்பது நல்ல காரியம் இல்லை. ஆனால் சோதனை என்று வந்துவிட்டால் சொல்லிவிட்டா வருவார்கள்?

சுலோசனா டிவிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். டிவியில் யானைக்குட்டி. மடியில் போன், ஸ்பீக்கரில். "எறங்கிருச்சா? உங்களுக்கும் தண்ணிக்குள்ள எறங்கிருச்சா? இரு இரு, எனக்கு இப்பத்தான் எறங்குது. அய்யோ, ஆனை மூக்குல தண்ணி!" என்று சொல்லிவிட்டு அப்படிச் சிரித்தாள். அந்தப் பக்கமும் ஒரு சிரிப்பு. மூன்று வயதுக்கு மேல் இருக்காது. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் ரயிலில் டிக்கெட் வேண்டாம்.

சுலோசனா அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. திரும்பிப் போய் மீதி இரண்டு சுற்றையும் சுற்றிவிட்டு ஏழே முக்காலுக்கு வந்தேன்.

யார் அது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

டிவியின் உள்ளே பல் சக்கரம் போல ஒரு படம் இருக்கிறது. அதற்குள் போய், அதற்குள் இன்னொன்றில் போய்த் தேடினால் சந்தாவை எங்கெங்கே பயன்படுத்துகிறார்கள் என்று காட்டுகிறது. இரண்டு இடம்.

ஒன்று: போத்தனூர், நம் வீடு.

இரண்டு: ஓசூர். ஜூன் ஐந்தாம் தேதி மாலையே சேர்த்திருக்கிறார்கள்.

ஓசூரில் எனக்கு யாரையும் தெரியாது. அதாவது, போக்குவரத்தில் யாரும் இல்லை.

ஜூன் 21, சனி

தூக்கம் சரியில்லை. எழுதிவிட்டால் தீரும் என்று எழுதுகிறேன்.

2020 பிப்ரவரியில் என் மகள் தாரணிக்கு நிச்சயதார்த்தம். பையன் பெயர் கோகுலகண்ணன். ஓசூரில் வேலை. அவள் கூட வேலை பார்த்தவன்தான், இரண்டு பேருக்கும் பிடித்துப் பேசி முடித்தது. நான் குறுக்கே நிற்கவில்லை. இதை யாரும் மறந்துவிடக்கூடாது. பையன் இன்ஜினீயர் என்றார்கள். தட்டு மாற்றுவதற்கு முன்னால் நான் அசல் சான்றிதழைக் கேட்டேன். நகல் வைத்திருந்தார்கள். நகலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சபையில் நூறு பேர் இருந்தார்கள் என்பது உண்மைதான். கல்லூரிக்கும் அங்கிருந்தே போன் பண்ணி, வருடமும் எண்ணும் சொல்லிச் சரிபார்த்தேன்.

சரியாகத்தான் இருந்தது. அதை நான் சபையிலேயே சொன்னேன், "சரியா இருக்குது, மாத்திக்கலாம்" என்று.

பையனின் அப்பா எழுந்து நின்று, "பொண்ணு கேட்டு வந்தோமுங்க, வேலை கேட்டு வரலீங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார். தாரணி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாள். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. அந்த ஆவணியில் இரண்டு பேரும் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேனா என்பது வேறு விஷயம்.

ஒரு அசலைக் கேட்டது தப்பா? இன்று வரைக்கும் யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

ஜூன் 23, திங்கள்

கோபம் தாரணி மேல் இல்லை. சுலோசனா மேல். ஐந்து வருடமாக நான் தினமும் ஆறரைக்கு வெளியே போய் ஏழே முக்காலுக்கு வருகிறேன். இவள் அந்த நேரத்தில் ஓசூரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். ஓடுகிற ரயிலில் கழிப்பறைக்குள் ஒளிந்தவனையெல்லாம் பிடித்தவன் நான். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு இவள் என்னை ஐந்து வருடம் ஏமாற்றியிருக்கிறாள்.

ஒரு குழந்தை இருப்பதைக்கூட ஒரு பொம்மைப் படத்தை வைத்து நான் துப்பறிய வேண்டியிருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

கம்பெனிக்குப் போன் பண்ணினேன். ஒன்று, மூன்று, மறுபடி ஒன்று அழுத்தியபின் ஒரு பெண் எடுத்தாள்.

"எங்க சந்தாவுல தெரியாத எடத்துலருந்து யாரோ பாக்கறாங்க."

"ஓசூர்னு காட்டுது சார். உங்களுக்குத் தெரிஞ்சவங்க இல்லையா சார்?"

"நான் அந்த வீட்டைப் பார்த்ததில்லை" என்றேன். அது பொய் இல்லை.

"எடுத்துடட்டுமா சார்?"

"எடுங்க."

எடுத்துவிட்டாள். இனிமேல் எந்த இடத்தில் புதிதாகச் சேர்த்தாலும் என் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வருமாம். அதை நான் சொன்னால்தான் அவர்கள் உள்ளே வர முடியுமாம். நன்றி சொல்லி வைத்தேன். கண்டுபிடித்தால் அபராதம் எழுதித்தான் ஆக வேண்டும். முப்பத்து நாலு வருடத்தில் ஆள் பார்த்து விட்டதில்லை.

ஜூன் 25, புதன்

மழை வரும்போல இருந்ததால் நடைக்குப் போகவில்லை. மழை வரவில்லை.

ஏழு மணிக்குச் சுலோசனா சமையலறையிலேயே இருந்தாள். ஏழு பத்துக்கு அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடவில்லை, ஆனாலும் கூடம் வரைக்கும் கேட்டது. குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. சுலோசனா "தெரியலையே கண்ணு, தெரியலையே" என்று மெதுவாகச் சொன்னாள். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"என்ன பண்ணிப்போட்டீங்க?"

"தெரியாதவங்க யாரோ பாத்துட்டு இருந்தாங்க. எடுக்கச் சொன்னேன்."

"தெரியாதவங்களா?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"ஆமாங்க, அஞ்சு வருசமாப் பேசறேன். உங்களுக்குத் தெரியாமத்தான் பேசறேன். எழுதிக்குங்க உங்க நோட்டுல. நம்மூட்டுலருந்து அந்தப் புள்ளைக்கு ஒரு கவுனு போனதில்ல. ஒரு வளையலு போனதில்ல. ஏதாச்சும் அனுப்பட்டுமான்னா, அப்பாவுக்குத் தெரிஞ்சு குடுத்தாக் குடும்மா, திருடிக் குடுக்க வேண்டாம்ங்கறா. இது உங்க பேருல இருக்கற சந்தா. உங்க பேருல இருக்கறது ஏதோ ஒண்ணு அந்த ஊட்டுக்குள்ள போகட்டுமுன்னுதான் இந்த டிவியே வாங்குனேன். புள்ள அங்க பாக்கறா, நான் இங்க பாக்கறேன், ஒரே ஆனைய. அது முடியறதுக்குள்ள நாலு வாயி சோறு திம்பா. அதையும் புடுங்கியாச்சு."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா அசலக் கேப்பீங்க."

அவள் விடவில்லை.

"அஞ்சு வயசுக்குக் கீழ டிக்கெட்டு வேண்டாமுன்னு நீங்கதான ஊரெல்லாம் சொல்லுவீங்க? மூணு வயசுப் புள்ளைய எறக்கி விட்டுருக்கறீங்க."

பெண் குழந்தையா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். பெயர் என்ன என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன். அதைத் தாரணிகிட்டயே கேட்டுக்குங்க."

வேலைக் காலத்தில் எத்தனை லட்சம் பேரைப் பெயர், வயது கேட்டிருப்பேன். என் பேத்தியின் பெயர் எனக்குத் தெரியாது. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

சுலோசனா பேசவில்லை. ரசம் நன்றாக இருந்தது. சொன்னேன். அதற்கும் பேசவில்லை.

ஜூன் 27, வெள்ளி

நடைக்குப் போகவில்லை. குட்டி வட்டத்தை அழுத்தி யானைக்குட்டியை முதல் அத்தியாயத்திலிருந்து பார்த்தேன். நாலு பார்த்தேன். கூட்டத்தோடு போகும்போது யானைக்குட்டி எதையாவது பார்த்து நின்றுவிடுகிறது, வழி தவறிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். கூட்டத்துக்கு ஒரு பொறுப்பான ஆள் இருந்தால் எண்ணிப் பார்க்கமாட்டானா என்று கோபம் வந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் பெரிய யானை திரும்பி வருகிறது. குட்டியை ஒன்றும் கேட்காமல் கூட்டிக்கொண்டு போகிறது.

சுலோசனா சமையலறை வாசலில் நின்று நாலாவதைப் பார்த்தாள். நான் திரும்பியபோது உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

கம்பெனிக்கு மறுபடி போன் பண்ணினேன். வேறு ஒரு பெண்.

"அது தெரிஞ்சவங்கதான். மறுபடி சேர்த்துருங்க."

"எங்களால சேர்க்க முடியாது சார். அந்த வீட்டு டிவியிலருந்து கேக்கணும். உங்க போனுக்கு ஆறு இலக்க எண் வரும். பத்து நிமிஷம்தான் செல்லும். நீங்க அவங்களுக்குச் சொல்லணும்."

சுலோசனாவிடம் விவரத்தைச் சொன்னேன். எண் வந்ததும் என்னிடம் வாங்கி ஓசூருக்குச் சொல்லிவிடு என்றேன். நாலு நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"எனக்கு அந்த நம்பரெல்லாம் வேண்டாமுங்க. உங்க போனுக்கு வர்றதை நீங்கதான் சொல்லோணும். அவகிட்டயும் சொல்லீர்றேன், அப்பாவுக்கே கூப்புடுன்னு. கூப்புட்டாச் சொல்லுங்க. இல்லாட்டி நாலாந்தேதி கழட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க. எனக்குச் சீரியலு பாக்க ஒண்ணும் இது வேண்டியதில்ல."

ஆக, டிவி வேண்டுமா வேண்டாமா என்பது இப்போது இப்படி வந்து நிற்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

மாலை 7.02. எண் வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 7.12. அடிக்கவில்லை. எண் காலாவதி.

ஜூலை 2, புதன்

7.04-க்கு எண் வந்தது. இன்றும் அடிக்கவில்லை.

ஓசூரில் ஒருத்தி டிவியின் முன்னால் நின்று பொத்தானை அழுத்துகிறாள். என் போன் சத்தம் போடும் என்று அவளுக்குத் தெரியும். பத்து நிமிடம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். நானே கூப்பிட்டிருக்கலாம். என் போனில் அவள் எண் இல்லை, அந்த ஆவணியில் நான்தான் அழித்தேன். சுலோசனாவிடம் கேட்டால் தருவாள். கேட்க வாய் வரவில்லை.

அன்று தாரணி சொன்னதை எழுதுகிறேன். மண்டபத்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். பட்டுப் புடவையோடு வந்து நின்று, "ஒரே ஒரு தடவை கேக்காம நம்பியிருக்கலாமேப்பா" என்றாள். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். நான் அதற்கு, "சரியாத்தான இருந்துச்சு, இப்ப என்ன?" என்றேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

நான் செய்தது தப்புதான்.

ஜூலை 3, வியாழன்

இன்று எண்ணே வரவில்லை. ஏழரை வரை பார்த்தேன். எட்டு வரைக்கும் பார்த்தேன்.

ஜூலை 4, வெள்ளி

காலையில் அருள்ராஜ் போன் பண்ணினார். "இன்னைக்குக் கடைசி நாளுங்க சார். வெச்சுக்கறீங்களா, ஆளை அனுப்பட்டுமா?" சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். ஒரு கேள்வியும் கேட்கமாட்டோம் என்று சொன்னது நிஜம்தான், அவர் கேட்கவில்லை.

ஆறே முக்காலுக்கே உட்கார்ந்துவிட்டேன். சுலோசனா எதிரில் உட்கார்ந்து பூண்டு உரித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

7.01-க்கு எண் வந்தது. நாலு, ஒன்பது, ஒன்று, ஏழு, இரண்டு, எட்டு.

7.04-க்குப் போன் அடித்தது. பெயர் இல்லாத எண். இரண்டாவது மணியில் எடுத்தேன்.

"நம்பர் சொல்லுங்க."

அப்பா என்று கூப்பிடவில்லை. குரல் கொஞ்சம் தடித்திருந்தது. பின்னால் ஒரு குழந்தை "ஆனை போடு, ஆனை போடு" என்று கத்திக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். "சரி, வெச்சறேன்" என்றாள். வைத்துவிட்டாள். மொத்தமே இருபது விநாடி.

"அவ்வளவுதானா?" என்று சுலோசனா கேட்டாள். பூண்டு கையிலேயே இருந்தது.

"இரு" என்றேன்.

கடைசி இலக்கம் எட்டு. நான் மூன்று என்று சொல்லியிருந்தேன். யோசித்துச் செய்யவில்லை. ஐந்து வருடத்துக்கு இருபது விநாடி போதவில்லை, அவ்வளவுதான்.

7.06-க்கு மறுபடி அடித்தது.

"தப்புன்னு வருதுப்பா."

சொன்னபிறகுதான் என்ன சொல்லிக் கூப்பிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சட்டென்று பேச்சு நின்றுவிட்டது. ரயில் பெட்டி குலுங்குகிற குலுக்கலில் பத்து இலக்கத்தைப் பிசகாமல் படிப்பவன் நான் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? ஒரு எண்ணைக்கூடத் தப்பாகப் படித்து அவள் பார்த்ததில்லை.

"வேணுமுன்னே தப்பாச் சொன்னீங்களா?"

அது அப்படியே என் குரல். டிக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு ஆளை மேலும் கீழும் பார்த்துக் கேட்கிற குரல்.

"ஆமா" என்றேன்.

"எதுக்கு?"

"நீ மறுக்காக் கூப்புடுவியேன்னு."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. கேட்கவில்லை. மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். மாப்பிள்ளை என்று நான் அவரைச் சொல்வது இதுதான் முதல் தடவை. பக்கத்தில்தான் நிற்கிறார் என்றாள். அவரிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, போனில் சொல்வது மரியாதை இல்லை, நேரில் வந்து சொல்கிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிறகு குழந்தையின் பெயரைக் கேட்டேன்.

"நிலானி" என்றாள்.

குழந்தை போனைப் பிடுங்கி, யானை ஏன் வரவில்லை என்று என்னிடம் விசாரிக்க ஆரம்பித்தாள். எப்போது வரும், யார் அதை நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று ஒன்றுமேல் ஒன்றாகக் கேள்வி. நான்தான் நிறுத்தினேன் என்று ஒப்புக்கொண்டேன். சுலோசனா பூண்டை அப்படியே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனில் காதை வைத்தாள்.

7.11-க்கு அந்த எண் காலாவதியாகிவிட்டது. சரியான எண்ணை நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தோம்.